வீட்டைப் பற்றி யோசிக்காதேங்கோ

இந்த ஊர்த் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. வேகவே வேகாது என்று சொல்வது மிகை. வேகும், ஆனால் தன் விருப்பத்துக்கு வேகும். திருச்சியில் மூன்று விசில் விட்டு இறக்கினால் மசிந்து கிடக்கும் அதே பருப்பு, யாழ்ப்பாணத்து நல்லூரில் நாங்கள் குடியிருந்த வீட்டுக் கிணற்று நீரில் எத்தனை விசில் விட்டாலும் பல்லில் தட்டியது. சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வரும் நீர். கெட்டிலின் உட்புறம் வெள்ளை வெள்ளையாகப் படியும், சோப்பு நுரைக்க மறுக்கும், தேநீரின் மேல் ஓர் ஆடை மிதக்கும். வந்த புதிதில் ஒரு காலை, அடுப்படி ஜன்னலுக்கு வெளியே வீட்டுக்கார டீச்சரின் தலை தெரிந்தது. “என்ன பிள்ளை, விடியத் தொடங்கி உந்தக் குக்கர் கூவுது. உள்ளுக்கை ரெயில் ஏதும் வந்து நிக்குதோ?” பருப்பு வேகவில்லை என்றேன். அந்தச் சொல் அவரிடம் போய்ச் சேரச் சற்று நேரம் ஆனது. “ஓ, அவியேல்லையோ! உங்கடை பருப்பை விட்டிட்டு எங்கடை பருப்பைப் போடுங்கோ. கண்ணை மூடித் திறக்க அவிஞ்சிடும்.” இங்கே கடையில் பருப்பு என்று கேட்டால் செந்நிற மைசூர்ப் பருப்பைத்தான் அள்ளிப் போடுகிறார்கள். அது சாம்பாருக்குச் சரிவராது என்று சொல்லிப் பார்த்தேன். “அப்ப சாம்பாரை விடுங்கோ” என்றார் டீச்சர். அவருடைய பக்கத்தில் அது மிக எளிய தீர்வாகத்தான் இருந்தது.

நான் திருச்சிக்காரி. உறையூரில் பிறந்து, படித்து, ஒரு ஜவுளிக்கடையில் சரக்குக் கணக்குப் பார்த்து, நாற்பத்தாறு வயது வரை காவிரித் தண்ணீரைத் தவிர வேறெதிலும் சமைத்து அறியாதவள். என் கணவர் ரவி இந்த ஊர்க்காரர். பதினைந்து வயதில் படகில் தமிழ்நாட்டுக்கு வந்து இறங்கி, முகாமில் வளர்ந்து, குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கக் கற்று, எங்கள் கடையின் ஏசியைச் சரிசெய்ய வந்த இடத்தில் என்னைப் பார்த்தவர். எத்தனை வருடம் ஆனபோதும் அங்கே அவர் அகதி என்ற பதிவிலேயே இருந்தார். எங்களுக்குப் பிறந்த மதுராவும் அப்பாவின் பதிவில்தான் சேர்ந்தாள். ஊருக்கே திரும்பிவிடலாம் என்று அவர் சொன்னபோது நான் மறுக்கவில்லை. சரி என்று சொல்லவும் பல மாதங்கள் எடுத்துக்கொண்டேன். இப்போது அவரும் மதுராவும் இந்த நாட்டுக் குடிமக்கள். நான் விசாவில் இருக்கிறேன். அது முடியப்போகும் ஒவ்வொரு முறையும் கொழும்புக்குப் போய்ப் புதுப்பிக்க வேண்டும். திருச்சிக்குப் போனால் எல்லாம் தலைகீழாகும்: நான் குடிமகள், அவர்கள் இருவரும் விசாக்காரர்கள். எந்த ஊரில் வீடு எடுத்தாலும் அந்த வீட்டில் எங்களில் யாராவது ஒருவர் விருந்தாளிதான்.

வரும்போது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஒரு வருடம் பார்ப்பது. மதுரா சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்வரும் தூரத்தில், யாரும் காலி செய்யச் சொல்லாத வீடாக ஒன்று கிடைத்தால் தங்குவது. கிடைக்காவிட்டால் நானும் மதுராவும் திருச்சிக்குத் திரும்புவது, ரவி இங்கே தொடங்கிய தொழிலை ஒழுங்கு செய்துவிட்டுப் பின்னால் வருவது. பண்டத்தரிப்பில் அவருடைய அண்ணனின் வளவுக்குள், அதாவது வீட்டைச் சுற்றிய காணிக்குள், எங்களுக்கும் இடம் இருந்தது. அது வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். உறவினர் வீட்டில் தங்குவது வேறு, குடியிருப்பது வேறு. தவிர, அங்கிருந்து பள்ளிக்குப் பஸ்ஸில் வரவேண்டும். இந்த வருடம் மதுராவுக்குச் சாதாரண தரப் பரீட்சை; எங்கள் ஊர்ப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு போன்றது. நடுவில் கிளம்பினால் அங்கே பத்தாம் வகுப்பும் இல்லை, இங்கே சாதாரண தரமும் இல்லை. ஆகவே வீடு கிடைக்குமா என்ற கேள்வியோடு, மூன்று பேரும் ஒரே நாட்டில் இருப்போமா என்ற கேள்வியும் ஒட்டிக்கொண்டிருந்தது.

நல்லூர் வீட்டின் பின்பாதி எங்களுக்கு. முன்பாதியில் டீச்சர் தனியாக இருந்தார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. பிள்ளைகள் இருவரும் ஆஸ்திரேலியாவில். வீட்டை என்ன செய்வது என்று மகள் முடிவெடுக்கும் வரை, ஒரு வருடத்துக்கு என்று சொல்லித்தான் தந்திருந்தார். உறையூரில் எங்கள் வாசல் நேராகத் தெருவில் திறக்கும். எதிர்வீட்டு டிவியில் என்ன தொடர் ஓடுகிறது, மாடிவீட்டில் இன்று என்ன குழம்பு, குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா என்பதெல்லாம் கேட்காமலே தெரியும். இங்கே ஒவ்வொரு வீடும் ஆளுயர மதிலுக்குப் பின்னால் இருக்கிறது. ஒழுங்கையில் நடந்தால் இருபுறமும் மதில், மதிலுக்கு மேல் மாமரம், கேற்றில் ஒரு மணி. வருகிறவர் சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி “ரீச்சர், ரீச்சர்” என்று கூப்பிட்டுவிட்டு, பதில் வரும்வரை அசையாமல் நிற்கிறார். முதல் மாதங்களில் அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. மாலையில் பாண் என்கிற ரொட்டி விற்கும் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தால், வாங்குவதற்கு எதுவும் இல்லாதபோதும் கேற்றடிக்குப் போய் நிற்பேன். ரவிக்கு அந்தச் சிரமம் இல்லை. அவருடைய பழைய தமிழ் விமானத்தில் இருந்து இறங்கும்போதே நாக்கில் ஏறிவிட்டது. கைபேசியில் “ஓம் அண்ணை, நாளைக்கு வாறன்” என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் என் பக்கம் திரும்பி “சொல்லு, என்ன வாங்கிட்டு வரணும்?” என்பார். ஒரே ஆளுக்குள் இரண்டு ஊர் இடிக்காமல் இருப்பதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

வருடம் முடியப்போகும் சமயம் என் கால்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்குவேன், துடைப்பேன், மறுபடி ஏற்றுவேன். டைரியில் அன்றாடத்தை எழுதி முடித்ததும் அடியில் வீட்டைப் பற்றி ஒரு வரி எழுதுவேன். மறுநாள் அதை அடிப்பேன். டீச்சரிடம் கேட்டுவிடலாம் என்று எழுந்து, முற்றத்தில் காயும் துணியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்த நாட்கள் பல. அதற்கு ஒரு காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் நாங்கள் திருச்சியில் வீடு தேடிய காலத்தை நான் மறக்கவில்லை. வீட்டுக்காரர்கள் ரவியின் வேலையைக் கேட்பார்கள், திருப்தியாகத் தலையாட்டுவார்கள். பிறகு சொந்த ஊர் எது என்பார்கள். சிலோன் என்றதும் முகத்தில் ஒன்றும் மாறாது. காபி கூடத் தருவார்கள். வாசல் வரை வந்து, “யோசிச்சுச் சொல்றோம் சார்” என்பார்கள். யோசித்து யாரும் சொன்னதே இல்லை. நாலாவது வீட்டிலேயே அந்த வாக்கியத்தின் பொருள் எனக்கு விளங்கிவிட்டது. ரவி அதைவிட முன்பே தெரிந்து வைத்திருந்தார். வீட்டுக்காரரிடம் ஒரு விஷயத்தை இரண்டாம் முறை கேட்கக்கூடாது என்பது முகாமை விட்டு வந்த நாளிலிருந்து அவருடைய கொள்கை.

கடைசியில் ஒரு பின்னேரம் போனேன். டீச்சர் முன்விறாந்தையில் சுளகை மடியில் வைத்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். “டீச்சர், வருஷம் முடியப்போகுது. வீட்டைப் பத்தி என்ன செய்யலாம்னு கேக்க வந்தேன்” என்றேன். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. ஒரு காம்பை உருவியபடி சொன்னார்: “வீட்டைப் பற்றி நீங்கள் யோசிக்காதேங்கோ. உங்கடை அலுவலைப் பாருங்கோ.”  “சரிங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசித்துச் சொல்கிறோம் என்பதே மறுப்பாக இருந்த ஊரிலிருந்து வந்தவளுக்கு, யோசிக்கவே யோசிக்காதே என்பது எப்படிக் கேட்கும்? அதற்கு மேல், உன் வேலையைப் பார் என்று வேறு. எங்கள் தெருவில் இதைச் சொல்லியிருந்தால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. ரவி வந்ததும், “முடியாதுன்னுட்டாங்க” என்றேன். “நான் வேணும்னா ஒரு தடவை...” என்று தொடங்கி, தன் கொள்கை நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். “விடு. கஷ்டப்படுத்த வேணாம். வேற பாக்கலாம்.”

பார்த்தோம். கோயில் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கென்று நல்லூரில் ஒவ்வொரு வீடும் வெள்ளையடிக்கப்பட்டுப் பூட்டிக் கிடந்தது. ஒரு தரகர் மோட்டார் சைக்கிளில் முன்னால் போக, நாங்கள் ஓட்டோவில் பின்னால் போனோம். முதலில் காட்டியது யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி. காற்றோட்டம், டைல்ஸ், எல்லாம் சரி. ஜன்னலைத் திறந்தால் எதிரே தகரக் கொட்டகையில் ஒரு ரியூசன் நிலையம்; ஆசிரியர் மைக்கில் பௌதிகம் நடத்திக்கொண்டிருந்தார். விசையும் வேகமும் எங்கள் வருங்காலப் படுக்கையறை வழியாகப் போய் அடுப்படியில் மோதின. “இங்க இருந்தா ஃபீஸ் கட்டாமலே படிச்சிடலாம்மா” என்றாள் மதுரா. தரகர் உடனே பிடித்துக்கொண்டார். “அதைத்தான் நானும் சொல்ல வந்தனான் தங்கச்சி. உந்த வசதி வேறெங்கையும் கிடையாது.”

இன்னொரு வீட்டின் சொந்தக்காரர் கைபேசித் திரையில்தான் இருந்தார். இங்கே இருட்டிக்கொண்டு வர, அவருக்குப் பின்னால் ஜன்னலில் நண்பகல் வெயில் அடித்தது. இந்த அறை உங்களுக்கு, அந்த அறை பூட்டியிருக்கும், கிணற்றடியில் செருப்புப் போடக்கூடாது என்று தொலைவிலிருந்தே வீட்டைச் சுற்றிக் காட்டினார். முடிவில், “அக்கா இந்தியாவோ? எவடம்?” என்றார். நான் துல்லியமாகச் சொன்னேன்: திருச்சி, உறையூர், பழைய தறிக்கூடத்துக்கு அடுத்த சந்தில் மூன்றாவது வீடு. தரகர் வேறு எங்கோ பார்த்தார். “அது சரி, உங்கடை ஐயா ஆக்கள் எவடம்?” என்றார் திரையிலிருந்தவர். அப்பாவின் ஊரையும் சொன்னேன். அவர் நன்றி சொல்லி அழைப்பை முடித்துவிட்டார். அவர் கேட்டது இடத்தையே அல்ல என்று ஓட்டோவில் வரும்போது ரவி சொன்னார். உறையூரில் அதை “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்பார்கள். இரண்டு ஊருக்கும் வேறு வேறு சொல் இருக்கும் ஆயிரம் விஷயங்களுக்கு நடுவே, இந்த ஒரு கேள்வியில் மட்டும் இரண்டு ஊரும் அப்படியே ஒத்துப்போகின்றன.

இத்தனை நாளும் டீச்சரை நான் தவிர்த்து வந்தேன். கேற்றைத் திறக்கும்போது அவர் முன்னால் இருந்தால் கைப்பையில் எதையோ தேடுவேன். ஒருநாள் தரகர் கேற்றடியில் வந்து ஹோர்ன் அடித்தபோது, டீச்சரும் எட்டிப் பார்த்தார், நானும் பார்த்தேன்.  அன்றைக்கு டீச்சரிடமிருந்து வழக்கமாக வரும் முருங்கையிலை வரவில்லை. எனக்கு ஒருவகை நிம்மதிகூட இருந்தது என்பதை எழுதத்தான் வேண்டும். வீடு இல்லை என்றால் ஒப்பந்தப்படி திரும்பிப் போகலாம். அந்த முடிவை நான் எடுக்கவேண்டியதில்லை. அம்மாவிடம் கைபேசியில், “பாக்கலாம்மா, வந்தாலும் வந்துடுவேன்” என்று சொல்லி வைத்தேன். அம்மா அன்றே மாடி அறையை ஒழித்து வைக்க ஆள் சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்டத்தரிப்புக்குப் போனோம். திரும்பிப் போகும் எண்ணத்தை அண்ணனிடம் நேரில் சொல்லவேண்டும் என்று ரவி நினைத்தார். அண்ணன் தோட்டக்காரர். செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் போடுகிறார். வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு அறையும் குசினியுமாக ஒரு சிறிய கட்டடம். அதில் வெங்காயம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ரவி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். வீடு கிடைக்கவில்லை, இவளும் பிள்ளையும் போகப்போகிறார்கள். அண்ணன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “பிள்ளை, வீட்டைப் பற்றி நீங்கள் யோசிக்காதேங்கோ.”

டீச்சர் சொன்ன அதே வாக்கியம். ஒரு சொல்கூட மாறவில்லை. எனக்குக் காது சூடானது. “நாங்க இங்க வர்றோம்னு கேக்கவே இல்லீங்களே” என்றேன். அண்ணன் திகைத்துப் போனார். அவர் மனைவி மலர் அக்கா குசினியிலிருந்து அகப்பையோடு வெளியே வந்தார். “ஆர் வரவேண்டாமெண்டு சொன்னது? நீங்கள் என்ன சொன்னனீங்கள் அதுகளுக்கு?” “நான் என்னத்தைச் சொன்னனான்? யோசிக்காதேங்கோ எண்டனான்!” “பேந்து ஏன் அவ முகம் இப்பிடிப் போச்சுது?” “அதை அவவிட்டைக் கேள்!” ரவி நடுவில் புகுந்தார். “ஏய், கவலைப்படாதன்னு சொல்றார் அண்ணன். இங்க யோசிக்கிறதுன்னா கவலைப்படுறது.” மலர் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். “உங்கடை ஊரிலை கவலையில்லாமல் யோசிப்பினமோ?” என்று உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்பியவர் போலக் கேட்டார்.

இந்தச் சொல்லை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். கடைக்காரர், “மிச்சக் காசைப் பற்றி யோசிக்காதேங்கோ, நாளைக்குத் தாங்கோ” என்பார். மருந்தகத்தில், “யோசிக்காமல் இதைக் குடியுங்கோ” என்பார்கள். இரண்டு பொருளும் பொருந்தும் இடங்களிலேயே அது என்னிடம் வந்ததால் பிழை பிடிபடாமல் போயிருந்தது. எங்கள் ஊரில் கவலை நெஞ்சில் இருக்கும், யோசனை தலையில் இருக்கும். இங்கே இரண்டும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன. ஒரு வருடமாக நான் இரவும் பகலும் செய்துகொண்டிருந்தது எது என்று யாராவது கேட்டிருந்தால், யோசிக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். இந்த ஊர்க்காரர்களுக்கு அது சரியாகவே விளங்கியிருக்கும்.

“டீச்சரும் இதையேதான் சொன்னாங்க” என்றேன் ரவியிடம். “என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லு.” அப்படியே சொன்னேன், அலுவலைப் பாருங்கோ என்பதையும் சேர்த்து. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “வீடு உங்களுக்குத்தான், நிம்மதியா உங்க காரியத்தைப் பாருங்கன்னு சொல்லியிருக்காங்கடி.” அண்ணன் சிரிக்கத் தொடங்கி, ரவியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். சாப்பாடு ஆனதும் கிளம்பிவிட்டோம். பஸ் ஒவ்வொரு சந்தியிலும் நின்றது. எல்லாரும் மெதுவாக ஏறினார்கள், மெதுவாக இறங்கினார்கள். நான் முன்இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, டீச்சரிடம் சொல்லவேண்டியதை அடுக்கிக்கொண்டே வந்தேன்.

கேற்று திறந்திருந்தது. முற்றத்தில் ஒரு கார். எங்கள் பின்பாதி ஜன்னலில் ஒரு பெண் அளவுநாடாவின் ஒரு முனையையும் அவள் கணவர் மறுமுனையையும் பிடித்திருந்தார்கள். திரைச்சீலைக்கு அளவு. வங்கியில் வேலை, மாற்றலாகி வருகிறவர்கள், கூடவே நடக்கமுடியாத தாயார். டீச்சர் என்னைக் கண்டதும் அவர்களை அனுப்பிவிட்டு வந்தார். “இண்டைக்கு விடியத்தான் ஓமெண்டு சொன்னனான். நீங்கள் போறதெண்டால் வீடு சும்மா கிடக்குமே.” நான் அடுக்கிவைத்த எதுவும் வாயில் வரவில்லை. யோசிக்காதேங்கோ என்பதை நான் எப்படிக் கேட்டேன் என்பதை மட்டும் சொன்னேன்.

டீச்சர் முதலில் நம்பவில்லை. பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். “அட கடவுளே! நான் அண்டைக்கே மகளோடை சண்டை பிடிச்சனான், பிள்ளை. வெளிநாட்டு ஆக்களுக்கு அறையறையாக் குடுப்பம் எண்டு நிண்டவள். இல்லை, பின்னுக்கு இருக்கிறவை இருக்கட்டும் எண்டு நான் சொல்லி முடிச்சுப்போட்டுத்தான் அந்தக் கதை சொன்னது. பேந்து பார்த்தால் நீங்கள் முகம் குடுத்துக் கதைக்கிறியள் இல்லை. தரகர் வந்து ஹோர்ன் அடிக்கிறான். நான் நினைச்சன், கிணத்தடியிலை உடுப்புத் தோய்க்க வேண்டாம் எண்டதுக்குக் கோவமாக்கும் எண்டு.” “இல்லீங்க டீச்சர். நீங்க உங்க வேலையைப் பாருன்னு சொல்லிட்டீங்கன்னு...” “உங்கடை அலுவலைப் பார்க்காமல் என்ரை அலுவலையோ பார்க்கிறது?” என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் டீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார். “அவையளுக்கு வாக்குக் குடுத்திட்டன். வருத்தக்கார மனுசி ஒராள் இருக்கிறா. எப்பிடி மாத்திச் சொல்லுறது?”

மாற்றிச் சொல்லுங்கள் என்று நானும் கேட்கவில்லை. அன்று மாலை கிணற்றடியில் நின்று யோசித்தேன். எந்த ஊர் அர்த்தத்தில் என்று சொல்லத் தெரியவில்லை. ஒப்பந்தப்படி இப்போது நான் போகலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் வீடு தரமாட்டார்கள் என்று நினைத்துப் போவதும், ஒருவர் தன் மகளோடு சண்டை போட்டு வீட்டைத் தந்தார் என்று தெரிந்தபின் போவதும் ஒன்றாக இருக்கவில்லை. முன்பு இந்த ஊர் என்னை வேண்டாம் என்றது. போவது சுலபமாக இருந்தது. இனி போனால் நான்தான் வேண்டாம் என்று சொல்லிப் போகவேண்டும். அதற்கு எனக்கு வாய் வரவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது ரவியிடம், “அந்த வெங்காயத்தை எல்லாம் எங்க மாத்துவாங்க?” என்றேன். அவர் என் தட்டில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார். மதுராதான், “பரீட்சை வரைக்குமா, அதுக்கப்புறமுமா?” என்று கேட்டாள். “பரீட்சை வரைக்கும்” என்றேன். அவள் தலையாட்டினாள், அதை நம்பியதாகத் தெரியவில்லை. மறுநாள் விஷயம் அறிந்த டீச்சர், பள்ளி விட்டதும் பஸ் வரும்வரை பிள்ளை தன் விறாந்தையில் வந்து இருக்கட்டும் என்று சொன்னார். கேட்கவில்லை, அறிவித்தார்.

அம்மாவுக்கு மறுநாள் சொன்னேன். மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று என்று அவர் சொல்லி முடித்த பிறகு சொன்னேன். “அப்ப வரமாட்டியா? அந்தக் கிராமத்துல எப்படிடி இருப்ப? தண்ணி, பஸ்ஸு, ஆஸ்பத்திரி...” அவர் குரல் உடையத் தொடங்கியது. அவசரத்தில் நான், “என்னைப் பத்தி யோசிக்காதம்மா” என்று சொல்லிவிட்டேன்.  “சரி. இனி யோசிக்கல” என்று மெல்லச் சொல்லிப் போனை வைத்துவிட்டார் அம்மா. நான் திரும்பத் திரும்ப அழைத்தேன். கவலைப்படாதே என்ற அர்த்தத்தில் சொன்னேன் என்று விளக்கினேன். “அதை அப்படியே சொல்றதுக்கு என்னடி?” என்றார் அம்மா.  பிழையாகக் கேட்டுத்தான் ஒரு வீட்டை இழந்தேன். இப்போது சரியாகப் பேசக் கற்றுக்கொண்டேன் போலும், அதற்கும் ஒரு விலை இருந்தது.

நல்ல நாள் பார்த்துப் பண்டத்தரிப்புக்குப் போனோம். வெங்காயம் அண்ணனின் முன்னறைக்குக் குடிபெயர்ந்திருந்தது. சுவரில் மட்டும் அதன் வாசம் மிச்சம். வாயு அடுப்பு இருந்தும் மலர் அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. முற்றத்தில் மூன்று செங்கல் வைத்து, தென்னம்பாளை எரித்து, புதுப் பானையில் பாலை ஏற்றினார். எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். பால் பொங்கி, ஒரு பக்கமாகச் சரிந்து, செங்கல்லில் வழிந்தது. “எந்தப் பக்கம் பொங்கினது? வடிவாப் பார்த்தனீங்களோ?” என்றார் மலர் அக்கா. இங்கே வடிவாக என்றால் கவனமாக. நான் கவனமாகத்தான் பார்த்திருந்தேன். “வடமேற்கு” என்றேன். அவர் முகம் சுருங்கியது. “கிழக்கெண்டால் நல்லது, வடக்கெண்டாலும் நல்லது. வடமேற்குக்கு என்னெண்டு பலன் சொல்லுறது?” அண்ணன் பாளையை உள்ளே தள்ளியபடி, “வடக்கெண்டே வையுங்கோவன். ஆர் வந்து அளக்கப்போகினம்?” என்றார். எல்லாரும் வடக்கு என்று ஒத்துக்கொண்டார்கள்.

அந்நேரம் அம்மா அழைத்தார். இங்கும் அங்கும் ஒரே நேரம் என்பதால் பால் காய்ச்சும் வேளையைக் கணக்கு வைத்திருந்தார் போலிருக்கிறது. “பொங்குச்சா? எந்தப் பக்கம்?” என்று அதையேதான் கேட்டார். அவரிடம் வடக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “வடமேற்குமா.” “அது எந்தப் பக்கம்டி?” நான் நிமிர்ந்து பார்த்தேன். வேலிக்கு அப்பால் செம்மண் தோட்டம், அதற்கப்பால் பனைகள், அதற்கப்பால் கண்ணுக்குத் தெரியாத கடல், கடலுக்கு அப்பால். “உங்க பக்கம்தான்மா” என்றேன்.  “உங்க பக்கமா?” என்றார் அம்மா. “நம்ம பக்கம்னு சொல்லுடி.”

சொல்லியிருப்பேன். அதற்குள் மலர் அக்கா பாலைக் குவளையில் ஊற்றிக் கையில் திணித்தார். சுட்டது. கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, குவளையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றி மாற்றிப் பிடித்தபடி நின்றேன்.